அஸருக்கு இரண்டு நேரம்: ஒரு தொழுகை நேரச் செயலியும் மூன்று வருடப் பழக்கமும்

எங்கள் மருத்துவமனைத் தொழுகை அறையின் சுவரில் நான் ஒட்டிவைத்த நேர அட்டவணையில், ஒருநாள் யாரோ சிவப்புப் பேனாவால் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் வேறு யாரோ அந்தத் ‘தவறு’ என்ற சொல்லை அடித்திருந்தார்கள். மூன்றாம் நாள் என் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் முளைத்துவிட்டது. மற்ற நான்கு வக்தும் (தொழுகை நேரமும்) இரண்டு தாளிலும் ஒன்றுதான். அஸர் மட்டும் ஐம்பது நிமிடத்துக்கும் மேல் தள்ளி இருந்தது.

இரண்டு தாளும் ஒரே செயலியிலிருந்து எடுத்தவை. அந்தச் செயலியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலான தொழுகை நேரச் செயலிகளுக்குப் பொருந்தும், திரைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். படித்துவிட்டு உங்கள் போனில் இருப்பதைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் லேப் தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பாங்கு சத்தம் எட்டாது, வெயில் சாய்வது தெரியாது, ஷிஃப்ட் வேறு மாறி மாறி வரும். இப்படி ஓர் இடத்தில் நாளெல்லாம் நிற்பவளுக்கு வக்து சொல்ல போனை விட்டால் வேறு வழியில்லை. மூன்று வருடமாக இந்த ஒரே செயலிதான்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இணையம் இல்லாமலும் நேரம் காட்டுகிறது. பேட்டரியை அதிகம் தின்பதில்லை. பாங்குக்குப் பதிலாக அதிர்வு மட்டும் வைத்துக்கொள்ளலாம், லேபில் எனக்கு வேண்டியது அதுதான். அடுத்த வக்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று போன் முகப்பிலேயே தெரிகிறது. ஒரு குறை: போனை அணைத்து மறுபடி போட்டால், செயலியை ஒரு முறை திறந்த பிறகுதான் அலாரம் வேலை செய்கிறது. அது தெரியாமல் ஒரு சுபுஹு (விடியற்காலைத் தொழுகை) எனக்குக் களாவானது, அதாவது நேரம் தவறிப்போனது. நீங்கள் கவனமாக இருங்கள்.

சரி, அஸருக்கு வருகிறேன்.

செயலியை முதன்முதலில் திறந்தபோது இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டது. அடுத்து அஸர் கணக்கு எது என்று கேட்டு இரண்டு விருப்பம் கொடுத்தது: ‘ஸ்டாண்டர்ட்’, ‘ஹனஃபி’. நான் ஷாஃபி மத்ஹப் (மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்ட வழிமுறை). ஸ்டாண்டர்டைத் தொட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விட்டேன். அந்தச் சொல்லை நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அது என் பக்கம் இருந்தது.

சிவப்புப் பேனாவுக்குப் பிறகுதான் யோசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர் வைத்துவிட்டால் மறுபக்கம் என்ன ஆகிறது? விதிவிலக்கு ஆகிறது. உலகத்தில் மற்ற எந்த மத்ஹபையும்விட அதிகம் பேர் பின்பற்றுவது ஹனஃபி மத்ஹபைத்தான். அவ்வளவு பேர் ஒவ்வொருவரும் இந்தச் செயலியைத் திறந்தவுடன், தாங்கள் வழக்கத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்ற செய்தியைத்தான் முதலில் வாசிக்கிறார்கள்.

கணக்கு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஒரு குச்சியை வெயிலில் நட்டு வைத்தால், உச்சி வேளையில் இருக்கும் சின்ன நிழலைக் கழித்துவிட்டு, அதன் நிழல் குச்சியின் உயரமளவு வளரும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபி, மாலிகி, ஹம்பலி மத்ஹபுகளின் கருத்து. இரண்டு மடங்கு வளரும்போது என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் (ரஹ்) பிரபலமான கருத்து. அவருடைய இரு பெரும் மாணவர்கள் இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் இதில் ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை, ஒரு மடங்கு என்றே சொன்னார்கள். அதனால் யாரும் அவர்களை மத்ஹபை விட்டு வெளியேற்றவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த இமாம் முஹம்மதிடம் உட்கார்ந்து படித்தவர்தான் எங்கள் இமாம் ஷாஃபி (ரஹ்). நான் என் தரப்பு என்று பிடித்துக்கொண்டு நிற்பது, அந்தத் தரப்பு மாணவரின் மாணவருடைய தரப்பைத்தான்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியாது. செயலியில் அஸர் அமைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி இருக்கிறது. அதைத் தொட்டால் ‘ஏன் இந்த வேறுபாடு?’ என்று ஒரு பக்கம் திறக்கும். இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வானவர் ஜிப்ரீல் (அலை) நபி (ஸல்) அவர்களுக்கு இரண்டு நாள் தொழவைத்துக் காட்டிய ஹதீஸ் அங்கே இருக்கிறது. முதல் நாள் நிழல் ஒரு மடங்கானபோது அஸர், இரண்டாம் நாள் இரண்டு மடங்கானபோது அஸர். அதன் கீழே பனூ குரைழா (மதீனாவில் இருந்த ஒரு யூதக் குலம்) சம்பவம். “பனூ குரைழாவை அடையும் முன் யாரும் அஸர் தொழ வேண்டாம்” என்று நபி (ஸல்) சொல்லி அனுப்புகிறார்கள். வழியிலேயே வக்து வந்துவிடுகிறது. சிலர், விரைந்து போகச் சொன்னதுதான் நோக்கம் என்று வழியில் தொழுதுவிட்டார்கள். சிலர், சொன்ன சொல் சொன்னதுதான் என்று அங்கே போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது இரண்டு தரப்பில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. இதுவும் அஸர்தான் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

எழுதியவர் யாரோ, பொறுப்பாக எழுதியிருக்கிறார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. யார் எந்தக் கருத்தைச் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

ஆனால் நான் அச்செடுத்தபோது இதெல்லாம் தாளில் வரவில்லை. பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் நேரம் மட்டும் வருகிறது. எந்த மத்ஹபின் அஸர், எந்த அமைப்பின் கணக்கு என்ற ஒரு வரிகூடக் கிடையாது. வெறும் ‘அஸர்’. அதைத்தான் நான் பொதுச் சுவரில் ஒட்டினேன். என்னுடைய அமைப்பை எல்லோருடைய நேரமாக ஒட்டிவிட்டேன் என்பது எனக்கே தெரியாது. சிவப்புப் பேனா பிடித்தவரின் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது சொல்வேன்.

அந்த ஒரு வாரம் அறை எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை அது. பெண்களுக்கு ஒரு வேளை, ஆண்களுக்கு ஒரு வேளை என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோம். அதற்குள் இரண்டு ஜமாஅத் (கூட்டுத் தொழுகை). ஒருவர் தொழும்போது மற்றவர் வெளியே செருப்போடு நின்றார். ஸலாம் சொன்னால் பதில் உதட்டுக்குள்ளேயே நின்றது. ‘அல்லாஹ்வின் கயிற்றை எல்லோரும் சேர்ந்து பற்றிப் பிடியுங்கள், பிரிந்துவிடாதீர்கள்’ என்ற வசனத்தை இரண்டு தரப்பும் ஓதிக் காட்டியது. இரண்டு தரப்புமே ‘நீ என் பக்கம் வா’ என்ற பொருளில்தான் ஓதியது. ஒற்றுமை என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மற்றவர் மாற வேண்டும் என்பதைத்தான் சொல்கிறோமோ என்ற கேள்வி அன்று எனக்குள் விழுந்தது. இன்னும் போகவில்லை.

எனக்கு விசித்திரமாக இருந்தது இதுதான்: என் வீட்டில் இந்தச் சண்டையே கிடையாது. என் கணவர் ஹனஃபி. பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இரண்டு அஸர். “உன் அஸர் ஆச்சு பாரு” என்பார். “உங்க அஸர் வந்துடுச்சுங்க” என்பேன். அவ்வளவுதான். வீட்டில் அந்த இரண்டு நேரத்துக்கும் பெயர் இருக்கிறது, உன்னுடையது, என்னுடையது என்று. சுவரில் ஒட்டிய தாளில்தான் பெயர் இல்லாமல் போனது.

செயலியில் ‘ஒப்பீடு’ என்று ஒரு வசதி மூன்றாவது மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு கணக்கு முறைகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரே பக்கத்தில் அருகருகே காட்டும், தலைப்பில் பெயரோடு. அதைக் கண்டுபிடித்த அன்றே மாத அட்டவணை எடுத்து, பழைய இரண்டு தாளையும் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். ‘அஸர் - ஷாஃபி, மாலிகி, ஹம்பலி’ என்று ஒரு பத்தி. ‘அஸர் - ஹனஃபி’ என்று ஒரு பத்தி. அதற்குப் பிறகு அந்தத் தாளில் யாரும் பேனா வைக்கவில்லை.

ஜமாஅத்துக்கு வழி சொன்னது செவிலியர் பிரிவில் இருக்கும் மூத்த அக்கா. அவர் ஹனஃபி. “சேர்ந்து தொழணும்னா ரெண்டாவது நேரத்துக்குப் பிறகு நில்லுங்கம்மா. அப்ப உங்களுக்கும் வக்து இருக்கு, எங்களுக்கும் வக்து வந்திருக்கும்” என்றார். எங்கள் மத்ஹபில் ஆரம்ப நேரத்தில் தொழுவதுதான் சிறப்பு, தாமதிக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் நின்றேன். சில நாள் மதியத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சை இருந்தால் அவர் முந்திய நேரத்திலேயே வந்து எங்களோடு நிற்பார். “அபூ யூசுஃப் இமாமும் முஹம்மது இமாமும் சொன்ன நேரம்தானே இது” என்பார். நான் கொஞ்சம் விட்டேன், அவர் கொஞ்சம் விட்டார். இரண்டு பேரும் அவரவர் மத்ஹபுக்குள் நின்றபடியேதான்.

மினாவில் நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். கலீஃபா உஸ்மான் (ரலி) மக்காவுக்கு அருகிலுள்ள மினாவில் நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழவைத்தபோது, நபியோடும் அபூபக்ரோடும் உமரோடும் இங்கே இரண்டுதான் தொழுதேன் என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) மறுப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, தாமும் நான்கே தொழுதார். குறையும் சொல்லிவிட்டு நான்கு தொழுகிறீரே என்று கேட்டதற்கு, பிணங்கிப் பிரிவது தீமை என்றார். அபூ தாவூது ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தி. கருத்தை விழுங்கவும் இல்லை, ஸஃப்பை (தொழுகை வரிசையை) விட்டு விலகவும் இல்லை.

அடுத்து, கணக்கு முறைகள். இங்கே செயலிக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். பட்டியலில் உலக முஸ்லிம் லீக், உம்முல் குரா, எகிப்து, கராச்சி, வட அமெரிக்கா என்று வரிசையாக இருக்கும். சுபுஹுக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. முஸ்லிம் லீக் 18, எகிப்து 19.5, உம்முல் குரா 18.5, வட அமெரிக்கா 15. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் 15க்கும் 19.5க்கும் நடுவே பதினெட்டு நிமிடம் ஆகிறது. பூமத்திய ரேகையை விட்டு விலகிப் போகப் போக இன்னும் கூடும். நோன்பு நாளில் அது பெரிய வித்தியாசம். இஷாவுக்கு (இரவுத் தொழுகை) உம்முல் குரா டிகிரியே பார்ப்பதில்லை, மஃரிபிலிருந்து (அந்தித் தொழுகை) 90 நிமிடம் என்று வைத்திருக்கிறது, ரமலானில் 120.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கச்சி இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது அந்த இயக்கத்துக்காரங்க நேரம்க்கா, நம்மளுது இல்ல” என்றாள். அவள் மட்டும் இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த டிகிரிகளுக்கும் கொள்கைப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை. விடியலின் முதல் வெளிச்சம் எப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்று வானத்தைப் பார்த்துச் சொன்ன கணக்குகள் அவை. தூசி, ஈரம், அட்சரேகை, பார்ப்பவரின் கண் எல்லாம் சேர்ந்து மாறும். வானியல் வேறுபாட்டைக்கூட நாம் இயக்க வேறுபாடாக வாசிக்கப் பழகிவிட்டோம். ‘ஏன் இந்த வேறுபாடு?’ பக்கம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதைத் தேடிப் போய்ப் படிப்பவர் எத்தனை பேர்?

இனி எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

எக்ஸ்ரே பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார், ஜஃபரி மத்ஹப், ஷியா. லுஹரையும் (நண்பகல் தொழுகை) அஸரையும் சேர்த்துத் தொழுவார். கையைக் கட்டாமல் பக்கவாட்டில் விட்டு நிற்பார். ஸுஜூது செய்யும் இடத்தில் ஒரு சின்ன மண் வில்லை வைத்துக்கொள்வார், நெற்றி மண்ணில் பட வேண்டும் என்பதற்காக. ஒருநாள் அவர் தொழுது முடிக்கும் முன்பே ஒருத்தி அந்த வில்லையை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள். அவர் எதுவும் பேசாமல் எழுந்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு பல வாரம் அறைக்கு வரவில்லை. எக்ஸ்ரே அறையின் உடைமாற்றும் மூலையில் தொழுதுகொண்டார். அன்று நான் அறையில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அஸர் நேரத்துக்காக நியாயம் பேசிய வாய் அன்று மூடிக்கொண்டது. எனக்கு அது வெட்கம்.

பிறகு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பேச்சோடு பேச்சாக, எந்தச் செயலி பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். “நீங்க வச்சிருக்கிறதைத்தான் முதல்ல போட்டேன். அதுல எங்க நேரம் இல்லம்மா” என்றார். இருக்கிறது. ஆனால் பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழே, ‘மற்றவை’ என்பதைத் தொட்டால்தான் ‘ஜஃபரி’ வரும். ஏற்கெனவே எல்லா இடத்திலும் ‘மற்றவை’ ஆக்கப்பட்டவர், செயலியிலும் அதையே தொட்டால்தான் தன் வக்தைப் பார்க்க முடியும் என்றால் எப்படி இருக்கும்? அவர் தேடாமல் விட்டதில் வியப்பில்லை. அஸருக்கு அவ்வளவு அழகாக எழுதியவர்கள், ஜஃபரிக்கான விளக்கத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். மஃரிப் ஏன் தாமதம் என்பதுகூட அதில் இல்லை. சூரியன் மறைந்தவுடன் அல்ல, கிழக்கு வானத்தின் செம்மை மறைந்த பிறகுதான் அவர்களுக்கு மஃரிப். சூரியன் இன்னும் ஏறக்குறைய 4 டிகிரி கீழே போக வேண்டும். என் மஃரிபுக்கும் அவர் மஃரிபுக்கும் கால் மணி நேரம் அல்லது சற்று அதிகம். இதை எனக்கு அவரே சொன்னார்.

சுன்னி, ஷியா பிரிவு நேர அட்டவணையால் தீர்கிற விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். 632இல் நபி (ஸல்) வஃபாத்தான (மறைந்த) பிறகு தலைமை யாருக்கு என்ற கேள்வியில் தொடங்கியது. 680இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுஸைன் (ரலி) கொல்லப்பட்டதில் ஆறாத காயமாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ உயிர். அதையெல்லாம் ஒரு செயலியின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் ஒரு பெயரை எந்த வரிசையில் வைப்பது என்பது அதன் கையில் இருக்கிறது. 2004இல் ஜோர்தானில் வெளியான அம்மான் அறிக்கையைத் தொடர்ந்து, 2005இல் அங்கே கூடிய அறிஞர்களின் தீர்மானம் எட்டு மத்ஹபுகளைப் பெயர் சொல்லி ஏற்றது: ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹம்பலி, ஜஃபரி, ஜைதி, இபாழி, ழாஹிரி. இவர்களில் யாரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்றது. அதற்கு நெடுநாள் முன்பே, 1959இல், எகிப்தின் அல் அஸ்ஹர் கல்வி நிறுவனத்தின் தலைவராக இருந்த ஷேக் மஹ்மூத் ஷல்தூத், ஜஃபரி மத்ஹபின்படி வணங்குவது செல்லும் என்று ஃபத்வா கொடுத்தார். இவர்கள் யாரும் எட்டையும் ஒன்றாக்கச் சொல்லவில்லை. ‘மற்றவை’ என்று எதையும் ஒதுக்கவும் இல்லை.

போன ரமலானில் ஒரே ஷிஃப்ட் எங்கள் இருவருக்கும். என் போன் முதலில் அதிரும். நான் தண்ணீர் குடித்து நோன்பு திறப்பேன், தாமதிக்காமல் திறப்பது எங்களுக்குச் சுன்னத். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் நான் குடித்துவிட்டுத் தொழப் போய்விட்டேன். இரண்டாம் நாளிலிருந்து, அவர் போன் ஒலிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். மஃரிபுக்கு இன்னும் வக்து இருந்தது.

கிப்லா (தொழும் திசை) திசைகாட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக வேலை செய்கிறது. ஆனால் லேபுக்குள் நம்ப முடியாது. இரும்பு அலமாரியும் சுழற்றும் இயந்திரங்களும் முள்ளை இழுத்துவிடுகின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மே 28 அன்று மக்கா நேரம் 12:18க்கும், ஜூலை 16 அன்று 12:27க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வரும். நெட்டாண்டு என்றால் ஒரு நாள் முந்தி, மே 27, ஜூலை 15. அந்த நேரத்தில் உங்கள் ஊரில் வெயில் அடித்தால், சூரியனைப் பார்த்து நிற்பதே கிப்லாவைப் பார்த்து நிற்பது. நட்ட குச்சியின் நிழல் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். இந்த வருடம் மே மாதம் நானும் செவிலியர் அக்காவும் எக்ஸ்ரே அக்காவும் மருத்துவமனைக்குப் பின்னால் போய், ஸலைன் மாட்டும் கம்பியை நிறுத்திப் பார்த்தோம். மூன்று போனும் நிழலோடு சரியாக ஒத்துப்போயின. கிப்லா திரையில் மத்ஹப் கேட்கும் இடமே இல்லை என்று எக்ஸ்ரே அக்காதான் சொன்னார்.

ஒரே கிப்லாவைச் சுற்றியும் பிரிந்து நின்றிருக்கிறோம். 1183இல் மக்காவுக்குப் போன அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் எழுதியிருக்கிறார்: ஹரமில் (கஅபாவைச் சுற்றியுள்ள பள்ளிவாசல்) நான்கு சுன்னி மத்ஹபுகளுக்கும் தனித்தனி இமாம், ஜைதிகளுக்கு ஐந்தாவதாக ஓர் இமாம். மற்ற வக்துகளில் ஒருவர் பின் ஒருவராகத் தொழவைப்பார்கள். மஃரிபுக்கு நேரம் குறைவு என்பதால் எல்லோரும் ஒரே சமயத்தில் தொடங்குவார்கள். நாலாபக்கமும் தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’ என்ற முழக்கம்) கலந்து, ஒருவர் இன்னோர் இமாமின் தக்பீருக்கு ருகூ செய்துவிடும் (குனிந்துவிடும்) குழப்பம் நடக்குமாம். 1924இல் மக்கா சவூதி ஆட்சிக்குள் வந்த பிறகு அந்த ஏற்பாடு நீக்கப்பட்டு, ஒரே இமாமின் பின்னால் ஒரே ஜமாஅத் ஆனது. எங்கள் எட்டுப் பேர் அறையில் நடந்ததும் அந்த மஃரிபுக் குழப்பம் போன்றதுதான்.

பிறை விஷயத்தில் இந்தச் செயலி மோசம். ஹிஜ்ரி தேதியை இரண்டு நாள் முன்னும் பின்னும் நாமே திருத்திக்கொள்ளலாம், அதுவரை நல்லது. ஆனால் போன வருடம் இரவில் ‘பெருநாள் வாழ்த்துகள்’ என்று ஓர் அறிவிப்பு தானாகவே வந்தது. எங்கள் பகுதியில் பிறை இன்னும் அறிவிக்கப்படவில்லை. மகன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, “உம்மா, நாளைக்கு நோன்பா, பெருநாளா?” என்று கேட்டான். நோன்பு என்றேன். “அப்ப இது பொய் சொல்லுதா?” என்றான்.

பொய் இல்லை. வேறொரு நாட்டின் அறிவிப்பு அது. யாருடைய அறிவிப்பு என்று சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். ஒரு பகுதியில் கண்ட பிறை எல்லோருக்கும் போதும் என்பது பல அறிஞர்களின் கருத்து. அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தப் பிறை என்பது எங்கள் மத்ஹபின் கருத்து. ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) காலத்திலேயே இது இருந்திருக்கிறது. சிரியாவில் வெள்ளி இரவே பிறை கண்டுவிட்டார்கள் என்று குரைப் என்பவர் வந்து சொன்னபோது, மதீனாவில் நாங்கள் சனி இரவுதான் கண்டோம், அதன்படியே நோன்பை நிறைவு செய்வோம் என்றார் இப்னு அப்பாஸ் (ரலி). முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர் சிரியாக்காரர்களின் நோன்பைக் குறை சொல்லவில்லை. இதைத்தான் மகனிடம் சொன்னேன். புரிந்துகொண்டான், பெரியவர்களைவிடச் சீக்கிரம்.

கடைசியாக, விளம்பரம். இலவசப் பதிப்பில் நேரத் திரையின் கீழ்ப்பட்டையில் விளம்பரம் வரும். அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஒரு சுபுஹு வேளையில், ஒரு முஸ்லிம் பிரிவினரை வழிகேடர்கள் என்று தலைப்பிலேயே முத்திரை குத்திய காணொளிக்கு அங்கே விளம்பரம் ஓடியது. தொழ எழுந்தவரின் கண்ணில் முதலில் படுவது அதுதான். செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். விளம்பரம் தானாக வருவது, எங்கள் கையில் இல்லை என்று முதலில் பதில் வந்தது. சூதாட்ட விளம்பரத்தை மட்டும் எப்படித் தடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு வாரத்தில் மதச் சொற்பொழிவு விளம்பரங்களை மொத்தமாக நிறுத்திவிட்டதாக எழுதினார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒன்று வரவில்லை. இதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன்.

மத்ஹபே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே நேரம் காட்டினால் சண்டையே இருக்காதே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இமாம் மாலிக்கிடம் (ரஹ்) அப்பாஸிய கலீஃபா வந்து, உங்கள் முவத்தா நூலையே எல்லா நாட்டிலும் சட்டமாக்குகிறேன் என்றபோது அவர் மறுத்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஸஹாபாக்கள் பல ஊர்களுக்குப் பரவிப் போனவர்கள், ஒவ்வோர் ஊராருக்கும் அவர்கள் வழியாக வந்த அறிவு இருக்கிறது, அவர்களை விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தன் நூலே சட்டமாகும் வாய்ப்பை வேண்டாம் என்றவர் அவர். புதிய பதிப்பில் இந்தச் செயலி ‘தானியங்கி’ என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. இருப்பிடத்தை வைத்து அதுவே மத்ஹபைத் தேர்ந்தெடுத்து, மற்ற விருப்பங்களைத் திரையிலிருந்து மறைத்துவிடுகிறது. அதை அணைத்துவிடுங்கள். அமைப்புகளுக்குள் போய், ஒப்பீட்டை முகப்புக்குக் கொண்டுவந்து வையுங்கள். பொது இடத்தில் ஒட்டுவதாக இருந்தால் ஒப்பீட்டுப் பக்கத்தை மட்டும் அச்செடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். நேரம் துல்லியம், விளக்கப் பக்கம் அருமை, கேட்டதற்குச் செவி சாய்த்தார்கள். குறைத்தது மூன்று காரணத்துக்காக: ‘ஸ்டாண்டர்ட்’, ‘மற்றவை’, பெயர் போடாத பெருநாள் அறிவிப்பு. மூன்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘ஸ்டாண்டர்ட்’ இருக்கும் இடத்தில் ‘ஷாஃபி, மாலிகி, ஹம்பலி’ என்று போட்டால் போதும், நிரலில் ஒரு வரி மாற்றம்தான். அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. எக்ஸ்ரே அக்கா மறுபடி அறைக்கு வரத் தொடங்கிவிட்டார். சுவரில் உள்ள தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். செயலியின் ஒப்பீட்டில் இரண்டு முறைக்குத்தான் இடம் இருக்கிறது, அதனால் ஜஃபரி நேரத்தை மட்டும் ஒவ்வொரு மாதமும் கையால் எழுதுகிறேன்.